ஸ்பானியத்தில் 'லோ' எங்கே உட்காரும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஏழு மாதமாக ஸ்பானிய மொழி படிக்கிறீர்கள். 'அதைப் பார்க்கிறேன்' என்பதற்கு 'லோ வேயோ' என்று எழுதினால் சரி. 'அதைப் பார்க்க விரும்புகிறேன்' என்பதற்கு 'லோ கியேரோ வேர்' என்றும் எழுதலாம், 'கியேரோ வேர்லோ' என்றும் எழுதலாம், இரண்டும் சரி என்கிறார் உங்கள் ஆசிரியர். நீங்கள் எழுதிய 'கியேரோ லோ வேர்' மட்டும் தவறு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டார். முன்னால் வரலாம், பின்னால் வரலாம், நடுவில் மட்டும் வரக்கூடாது என்றால் இது என்ன நியாயம், இதற்கு விதி உண்டா அல்லது மனப்பாடம்தானா என்பது உங்கள் கேள்வி. கூடவே, மெக்சிகோவில் இருக்கும் வாடிக்கையாளருக்கு 'நாளை அதை உங்களுக்கு அனுப்புகிறேன்' என்று எழுத வேண்டும், எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

'லோ, லா, லே எல்லாம் எங்கே வரும்' என்பதற்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கும். அதை நீங்களும் படித்திருப்பீர்கள். நடுவில் ஏன் வரக்கூடாது என்று அந்தப் பக்கம் சொல்லியிருக்காது. உங்கள் குழப்பம் அங்கேதான். விதி உண்டு, சிறியதுதான். தமிழ் இலக்கணம் கொஞ்சம் நினைவிருந்தால் இன்னும் சிறியது. நான் 16 ஆண்டுகளாக ஸ்பானிய மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். அதில் 6 ஆண்டுகள் மெக்சிகோவின் கெரேதாரோ நகரில் ஒரு தொழிற்சாலையில், கோவையிலிருந்து வந்த பொறியாளர்களுக்கும் உள்ளூர்த் தொழிலாளர்களுக்கும் நடுவில் நின்று இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். இலக்கணத்தைப் படித்தது வகுப்பில். அது புரிந்தது அந்தப் பட்டறையில். எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஸ்பானியத்தின் t, d என்ற இரண்டு பல்லொலிகளுக்கும் 'த' ஒன்றையே எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மே, தே, லோ, லா, லே, நோஸ், ஓஸ், லோஸ், லாஸ், லேஸ், ஸே ஆகிய இவை எழுத்தில் தனிச் சொல்லாகத் தெரிந்தாலும் வாயில் தனிச் சொல் அல்ல. நம் 'உம்' மாதிரி, 'ஏ' மாதிரி. 'யார் வந்தார்கள்?' என்று கேட்டால் 'ராமனும்' என்று சொல்லலாம், வெறும் 'உம்' என்று சொல்ல முடியாது. அதுபோல, 'யாரைப் பார்த்தாய்?' என்று கேட்டால் வெறும் 'லோ' என்று எந்த ஸ்பானியரும் பதில் சொல்லமாட்டார்; 'ஆ எல்', அதாவது 'அவனை', என்று வேறு உருவத்தில்தான் சொல்வார். 'லோ'வுக்கு அழுத்தம் கிடையாது, தனியாக நிற்கத் தெம்பு கிடையாது. ஒரு வினைச்சொல்மேல் சாய்ந்துதான் நிற்கும்; அதனால் இவற்றைச் சாய்சொல் என்று வைத்துக்கொள்வோம். வினைக்குப் பின்னால் ஒட்டுவதை இலக்கணக்காரர்கள் 'என்கிளித்திகோ' என்கிறார்கள். அந்தச் சொல்லின் கிரேக்க வேரே சாய்வதைக் குறிப்பதுதான். ஆகவே 'வாக்கியத்தில் லோ எங்கே வரும்' என்று கேட்பதை விட்டுவிடுங்கள். எந்த வினையின்மேல் சாய்கிறது, அந்த வினையின் எந்தப் பக்கத்தில் என்று இரண்டு கேள்வியாகப் பிரித்துக் கேளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கான பதிலில் சந்தேகத்துக்கே இடமில்லை. வினைமுற்று என்றால் அதற்கு முன்னால், பிரித்து எழுதப்படும். எச்சம் என்றால் அதற்குப் பின்னால், ஒட்டி எழுதப்படும். 'வேயோ' முற்று, பார்க்கிறேன். ஆகவே 'லோ வேயோ'. 'வேர்' என்பது 'பார்க்க' என்ற எச்சம், ஆகவே 'வேர்லோ'. 'வியேந்தோ' என்பது 'பார்த்துக்கொண்டு', ஆகவே 'வியேந்தோலோ'. ஏவல் என்றால் பின்னால்: 'தீமேலோ', எனக்கு அதைச் சொல். விலக்கல் என்றால் முன்னால்: 'நோ மே லோ தீகாஸ்', அதை என்னிடம் சொல்லாதே. முற்றுக்கு முன், எச்சத்துக்குப் பின், ஏவலுக்குப் பின், விலக்கலுக்கு முன். இந்த நான்கைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் வாக்கியத்துக்கு வாருங்கள். 'கியேரோ லோ வேர்'. இதில் 'லோ' யார்மேல் சாய்கிறது? 'கியேரோ'மேல் என்றால், அது முற்று. 'லோ' அதன் இடப்பக்கம் இருந்திருக்க வேண்டும், நீங்கள் வலப்பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். 'வேர்'மேல் என்றால், அது எச்சம். 'லோ' அதன் வலப்பக்கம் இருந்திருக்க வேண்டும், நீங்கள் இடப்பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். எப்படிப் பார்த்தாலும் தப்பான பக்கம். தடை நடுவுக்கு இல்லை, பக்கத்துக்குத்தான். 'நீ அதைப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்' என்பதற்கு 'கியேரோ கே லோ வேயாஸ்' என்கிறோம். அங்கே 'லோ' நட்டநடுவில்தான் இருக்கிறது, யாரும் சிவப்பு மையைத் தொடமாட்டார்கள். 'வேயாஸ்' முற்று, அதற்கு முன்னால் 'லோ' ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது.

உங்களுக்கு இந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறீர்கள். ஆங்கிலத்தில் 'அதை' எப்போதும் வினைக்குப் பின்னால் வருவதால், 'கியேரோ'வுக்குப் பிறகு ஏதோ வர வேண்டும் என்று கை தானாகப் போகிறது. தமிழிலிருந்து நேராகப் போய்ப் பாருங்கள். 'அதைப் பார்க்கிறேன்' என்பதும் 'லோ வேயோ' என்பதும் ஒரே வரிசை. 'எனக்கு அதைச் சொன்னான்' என்பதும் 'மே லோ திஹோ' என்பதும் ஒரே வரிசை. நான்காம் வேற்றுமை முதலில், இரண்டாம் வேற்றுமை அடுத்து, வினை கடைசியில். வருடக்கணக்கில் ஆங்கிலேயர்கள் திணறும் இடத்தில் நமக்குப் பாதை ஏற்கெனவே போட்டிருக்கிறது. ஆனால் தமிழும் ஓரிடத்தில் காலை வாரும். நாம் 'அதை நேற்று பார்த்தேன்', 'அதை எப்போதும் பார்க்கிறேன்' என்று நடுவில் எதையாவது செருகுவோம். ஸ்பானியத்தில் அது ஆகாது. 'லோ'வுக்கும் முற்றுக்கும் நடுவில் இன்னொரு சாய்சொல்லைத் தவிர எதுவும் நுழையக்கூடாது, 'இல்லை' என்னும் 'நோ' உட்பட. 'நோ லோ வேயோ' சரி. 'லோ நோ வேயோ' தவறு. 'சியேம்ப்ரே லோ வேயோ' சரி. 'லோ சியேம்ப்ரே வேயோ' தவறு.

ஏவல் விஷயத்தில் பட்டறையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். புதிதாக வந்திருந்த ஒரு பொறியாளர், மூன்று மாதம் செயலி வழியாக ஸ்பானியம் படித்துவிட்டு வந்தவர். வண்ணம் பூசி இன்னும் காயாத ஒரு தகட்டை நோக்கி ஒரு தொழிலாளியின் கை போவதைப் பார்த்துப் பதறி, 'நோ தோக்காலோ!' என்று கத்தினார். 'தோக்காலோ' என்றால் 'அதைத் தொடு'. முன்னால் 'நோ' போட்டுவிட்டால் 'தொடாதே' ஆகிவிடும் என்பது அவர் கணக்கு. அந்த மனிதர் காதில் விழுந்தது வேறு: 'இல்லை, அதைத் தொடு!' கை அந்தரத்தில் நின்றது. முகத்தில் குழப்பம். பிறகு சிரித்துக்கொண்டே, 'லோ தோக்கோ ஓ நோ லோ தோக்கோ?' என்று கேட்டார். தொடவா, தொட வேண்டாமா? அந்த ஒரு கேள்வியில் முற்றுக்கு முன் 'லோ' இரண்டு முறை எவ்வளவு அழகாக வந்து உட்கார்ந்தது என்று எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. பொறியாளர் சொல்லியிருக்க வேண்டியது 'நோ லோ தோக்கேஸ்'. தமிழில் 'தொடு' என்பதற்கு எதிர்மறை 'இல்லை தொடு' ஆகாது. 'தொடாதே' என்று வினையின் உருவமே மாறும். ஸ்பானியத்திலும் உருவம் மாறுகிறது, 'லோ'வும் இடம் மாறுகிறது.

விலக்கலில் ஏன் முன்னால் வருகிறது என்பதற்கு வகுப்பில் ஒரு விளக்கம் சொல்வார்கள். ஸ்பானியத்தில் விலக்கலுக்கென்று தனி உருவம் இல்லை; 'நீ தொட வேண்டும்' என்ற பொருளில் வரும் முற்று வடிவத்தைக் கடன் வாங்குகிறது; முற்று என்பதால் முன்னால் வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, முழுதாக நிற்காது. மரியாதையாக 'அதைச் செய்யுங்கள்' என்று சொல்லும் 'ஆகாலோ'வும் அதே கடன் வாங்கிய வடிவம்தான். ஆனால் அங்கே 'லோ' பின்னால் ஒட்டுகிறது. மறுத்தால் 'நோ லோ ஆகா'. ஆகவே இங்கே உருவத்தைப் பார்க்காதீர்கள். செய்யச் சொல்கிறோமா, செய்ய வேண்டாம் என்கிறோமா என்று மட்டும் பாருங்கள். காரணம் எதுவாக இருந்தாலும் விதியில் விலக்கு இல்லை.

மெக்சிகோவில் இருந்தால் ஏவல் விதியைப் படிக்கவே வேண்டாம், தெருவே சொல்லிக்கொடுக்கும். சந்தையில் கடைக்காரர்கள் 'பாஸேலே, பாஸேலே' என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். வாருங்கள், உள்ளே வாருங்கள் என்று பொருள். நண்பர்களுக்குள் எதற்கெடுத்தாலும் 'ஆந்தாலே'. இந்தச் சொற்களின் வாலில் உள்ள 'லே' யாரைக் குறிக்கிறது என்று தேடாதீர்கள், யாரையும் குறிப்பதில்லை; மெக்சிகோக்காரர்களின் வாய்ப்பழக்கம். ஆனாலும் அது ஒட்டியிருக்கும் இடம் விதிப்படிதான் இருக்கிறது. பட்டறையில் நான் அதிகம் கேட்ட சொல் 'பாஸாமேலா', 'யாவே'யைக் கேட்கும்போது வருவது. 'யாவே' என்றால் சாவி, குழாய், ஸ்பானர் எல்லாம்தான். அது பெண்பால் சொல் என்பதால் 'அதை எனக்கு எடுத்துக் கொடு' என்பதில் 'லா' வருகிறது. இன்னொன்றும் சொல்கிறேன், நினைவில் நிற்கும். ஸ்பானியத்தில் 'கொடு' என்பதற்குச் சொல் 'தா'. 'எனக்குத் தா' என்றால் 'தாமே', 'அதை எனக்குத் தா' என்றால் 'தாமேலோ'. இது தற்செயல்தான்; இதை வைத்து ஸ்பானியமே தமிழிலிருந்து வந்தது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

எழுதும்போது ஒட்டியதும் அழுத்தக் குறியைக் கவனியுங்கள். சாய்சொல் ஒட்டினாலும் வினையின் அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாவது அசைக்கோ அதற்கும் முன்னாலோ தள்ளிப்போனால், அந்த உயிரெழுத்தின் தலையில் சாய்கோடு போட வேண்டும். 'தாமே'வுக்குக் கோடு இல்லை, 'தாமேலோ'வுக்கு உண்டு. 'கொம்ப்ரார்லோ'வுக்கு இல்லை, 'கொம்ப்ரார்மேலோ'வுக்கு உண்டு. தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்தக் கோட்டில்தான்.

இனி முதல் கேள்வி, எந்த வினையின்மேல்? ஒரு வினைதான் இருக்கிறது என்றால் பிரச்சினை இல்லை. முற்றும் எச்சமும் சேர்ந்து வந்தால்தான் உங்களுக்கு வந்த இரட்டை வழி. 'லோ' உண்மையில் 'வேர்' என்ற எச்சத்துக்குச் சொந்தம், பார்க்கப்படுவது அதுதான். ஆனால் முற்று வினை துணைவினை போலக் கரைந்து நிற்கும்போது 'லோ' ஏறிப் போய் அதன் முன்னால் உட்காரலாம். கியேரோ (விரும்புகிறேன்), புவேதோ (முடியும்), தேவோ, தேங்கோ கே (வேண்டும்), வோய் ஆ (போகிறேன்), எஸ்தோய் (செய்துகொண்டிருத்தல்) போன்றவற்றோடு இரண்டு வழியும் தாராளமாகச் செல்லும். பொருளில் வித்தியாசம் இல்லை. என் காதுக்கு, பேச்சில் ஏறிப்போவது அதிகம், எழுத்தில் ஒட்டி நிற்பது அதிகம்; ஆனால் பேசும்போது ஒட்டினாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். 'தயவுசெய்து இன்னொரு முறை சொல்ல முடியுமா' என்பதை நான் தினமும் பத்து முறை கேட்பேன்: 'மே லோ புவேதே ரெப்பெதீர்?' மின்னஞ்சலில் எழுதும்போது அதே கை 'புவேதே ரெப்பெதீர்மேலோ' என்று எழுதும்.

ஏறினால் எல்லாரும் சேர்ந்து ஏற வேண்டும். 'மே லோ கியேரே தார்' சரி, 'கியேரே தார்மேலோ' சரி, 'மே கியேரே தார்லோ' என்று ஒருவரைத் தாய்வீட்டிலும் ஒருவரை மாமியார் வீட்டிலும் விடக்கூடாது. இரண்டு சாய்சொல்லும் ஒரே வினைக்குச் சொந்தம் என்றால்தான் இது. 'தே மாந்தே ஆஸேர்லோ', அதாவது 'அதைச் செய்யச் சொல்லி உனக்கு உத்தரவிட்டேன்' என்பதில் 'தே' உத்தரவுக்குச் சொந்தம், 'லோ' செய்வதற்குச் சொந்தம். பிரிந்து நிற்பது இயல்பு.

எல்லா முற்றும் இடம் கொடுக்காது. 'அதைச் செய்ய வேண்டும்' என்று பொதுப்படச் சொல்லும் 'ஆய் கே ஆஸேர்லோ'வில் ஏற்றாதீர்கள். 'அதைச் செய்ய எனக்குப் பிடிக்கும்' என்னும் 'மே கூஸ்தா ஆஸேர்லோ'விலும் 'லோ' ஏறவே ஏறாது. இவை உறுதி. நடுவில் ஒரு புகைமூட்டமான பகுதி உண்டு: முடிவு செய்தேன், நினைக்கிறேன் போன்ற வினைகள். 'தெஸிதீ ஆஸேர்லோ' எப்போதும் சரி. 'லோ தெஸிதீ ஆஸேர்' என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், இன்னும் சிலர் அதைக் கேட்டு முகம் சுளிக்கக் கண்டிருக்கிறேன். தாய்மொழிக்காரர்களே ஒத்துப்போகாத இடத்தில் நீங்கள் போய் வழக்காட வேண்டாம். சந்தேகம் வந்தால் எச்சத்தோடு ஒட்டிவிடுங்கள், அது எந்த வினையோடும் பிழையாகாது.

ஒரு எச்சம் மட்டும் நம் விதிக்கு அடங்காது. 'பார்த்திருக்கிறேன்' என்பது 'ஏ விஸ்தோ'. 'விஸ்தோ' எச்சம்தானே, பின்னால் ஒட்டலாமே என்று தோன்றும். 'ஏ விஸ்தோலோ' இன்றைய ஸ்பானியத்தில் கிடையாது. 'லோ ஏ விஸ்தோ' ஒன்றுதான் வழி. முன்னால் உள்ள 'ஏ' எச்சமாக மாறினால் அதோடு ஒட்டிக்கொள்ளும்: 'ஆவேர்லோ விஸ்தோ', அதைப் பார்த்திருக்க.

இரண்டு சாய்சொல் சேர்ந்து வந்தால் வரிசை மாறாது. ஸே முதலில், பிறகு தே, பிறகு மே, கடைசியில் லோ, லா, லே. 'ஸே-தே-மே-லோ' என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும். முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் வரிசை இதுவே. 'டம்ளர் கைதவறி விழுந்துவிட்டது' என்பதற்கு 'ஸே மே காயோ எல் வாஸோ'. நம்மைப் போலவே அவர்களும் 'நான் போட்டுவிட்டேன்' என்று சொல்லாமல், அதுவாக விழுந்த மாதிரி, 'எனக்கு' அது நேர்ந்த மாதிரி சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். இதையே 'மே ஸே காயோ' என்று வரிசை மாற்றிச் சொல்பவர்களும் உண்டு. படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள், நீங்கள் சொல்லிப் பழகாதீர்கள். 'என்னை அவருக்கு அறிமுகம் செய்தார்கள்' போன்ற இடத்தில் 'மே லே' என்று சேர்த்து எழுதாமல், 'மே ப்ரெஸெந்தாரோன் ஆ எல்' என்று ஒன்றைப் பிரித்து வெளியே எடுத்துவிடுங்கள்.

'அவனுக்கு அதை' என்று வந்தால் 'லே லோ' ஆக வேண்டும். ஆகாது, 'ஸே லோ' ஆகும். ஏன் என்று கேட்டால், 'லேலோ' காதுக்கு நன்றாக இல்லை, அந்தச் சொல்லுக்கு மந்தபுத்திக்காரன் என்று பொருள் வேறு இருக்கிறது, அதனால் மாற்றினார்கள் என்று பல ஆசிரியர்கள் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், பல ஆண்டுகள் நானும் நம்பினேன். ஆனால் 'உனக்குத் தெரிந்ததை அவனிடம் சொல்' என்பது 'தீலே லோ கே ஸாவேஸ்'. அங்கே 'லே'யும் 'லோ'வும் அடுத்தடுத்து வருகின்றன, யார் காதும் வலிப்பதில்லை. உண்மைக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. லத்தீனில் 'அவனுக்கு', 'அவனை' என்று அடுத்தடுத்து வந்த இரண்டு சொற்கள் உருமாறி, ஸ்பானியத்தின் பழைய உருவமான இடைக்காலக் காஸ்தில்ய மொழியில் 'ஜெ லோ' என்று நின்றன. பிறகு அந்தப் பழைய 'ஜெ' ஒலி, ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த 'ஸே'யோடு கலந்து, 16ஆம் நூற்றாண்டில் 'ஸே லோ' நிலைத்துவிட்டது. ஆகவே இந்த 'ஸே' ஒருகாலத்தில் வேறு ஆள். பெயர் மட்டும் ஒன்றாகிப்போனது.

வரலாற்றில் கால் வைத்துவிட்டதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முற்றுக்கு முன், எச்சத்துக்குப் பின் என்ற இந்தப் பிரிவு ஆதியிலிருந்து இருந்ததல்ல. பழைய ஸ்பானியத்தில் சாய்சொல் வாக்கியத்தின் முதல் சொல்லாக வரக்கூடாது என்பதுதான் வழக்கு. அதனால் வாக்கியம் முற்றில் தொடங்கினால் 'லே திஹோ' என்று தொடங்காமல் 'திஹோலே', சொன்னான் அவனிடம், என்று முற்றுக்குப் பின்னால் ஒட்டினார்கள். நம் 'ஒரு ஊரில்' மாதிரி அவர்கள் கதை தொடங்கும் 'ஏராஸே ஊனா வேஸ்' அந்தக் காலத்து மிச்சம். 'ஏரா' முற்று, 'ஸே' அதன் பின்னால் தொங்குகிறது. இன்று மெக்சிகோவில் வீட்டுவாசலில் தொங்கும் பலகைகள் 'ஸே வேந்தே' (விற்பனைக்கு), 'ஸே ரேந்தா' (வாடகைக்கு) என்று சாய்சொல்லிலேயே தொடங்குகின்றன. பழைய நூல்களில் முற்றுக்குப் பின் ஒட்டியதைக் கண்டால் விதி தவறு என்று நினைக்க வேண்டாம், நீங்கள் அப்படி எழுதவும் வேண்டாம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இன்னும் இரண்டு மாதத்தில் கேட்பீர்கள் என்பதால் இதையும் சேர்க்கிறேன். 'ரோஸாவுக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன்' என்பதற்கு ஸ்பானியர்கள் 'லே தி எல் லீப்ரோ ஆ ரோஸா' என்பார்கள். 'லே' என்றாலே 'அவளுக்கு'. பிறகு 'ஆ ரோஸா' என்று 'ரோஸாவுக்கு' வேறு. ஒரே ஆளுக்கு இரண்டு முறை எதற்கு? 'நான் கொடுத்தேன்' என்று நாம் சொல்கிறோமே, அதில் 'நான்' ஒரு முறை, 'ஏன்' விகுதியில் இன்னொரு முறை வரவில்லையா? எழுவாயை வினையின் வாலில் இரண்டாம் முறை குறிப்பது நமக்குக் கூறியதுகூறலாகவே தெரிவதில்லை. அவர்கள் எழுவாயோடு நிற்காமல், 'யாருக்கு' என்பதையும் வினையோடு சேர்த்துக் குறிக்கிறார்கள். 'ரோஸாவை நேற்று பார்த்தேன்' என்று ரோஸாவை முன்னால் கொண்டுவந்தால் 'ஆ ரோஸா லா வீ ஆயேர்' என்று 'லா' கட்டாயம் வர வேண்டும். 'எனக்குப் பிடிக்கிறது' என்பது அப்படியே 'மே கூஸ்தா' ஆகிறது. ஆனால் 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' என்று நாம் இரண்டாம் வேற்றுமை போடும் இடத்தில் அவர்கள் போடுவதில்லை. பிடித்த பொருள்தான் அங்கே எழுவாய், பன்மை என்றால் 'மே கூஸ்தான்' என்று வினையும் பன்மையாகும். இன்னொரு பக்கம், ஆட்களுக்கு உருபை விடாமல் போடும் பழக்கம் நம்முடையதோடு ஒத்துப்போகிறது. நாம் 'படம் பார்த்தேன்' என்போம், 'கண்ணன் பார்த்தேன்' என்று கண்ணனைப் பார்த்ததற்குச் சொல்லமாட்டோம். அவர்களும் பொருள்களுக்கு வெறுமனே விட்டு, ஆட்களுக்கு 'வேயோ ஆ ஹுவான்' என்று ஓர் 'ஆ' போடுகிறார்கள்.

என் காதின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நான் பழகியது மெக்சிகோ ஸ்பானியம். மத்ரித்தில் 'அவனைப் பார்த்தேன்' என்பதற்கு 'லோ வீ' என்று சொல்லாமல் 'லே வீ' என்பது சாதாரணம்; ஆண்பால் ஒருமையில் ஆளைக் குறிக்கும்போது மட்டும் ஸ்பானிய அகாதமி அதை ஏற்றுக்கொள்கிறது. அகாதமி 1713இல் தொடங்கிய அமைப்பு, பேச்சு வழக்குக்கு அவ்வளவு சீக்கிரம் இறங்கிவராது. 'போங்கள்' என்று பலரை ஏவும் இடத்தில் ஸ்பெயின் முழுக்கச் சொல்லிவந்த 'ஈரோஸ்' என்பதை 'ஈதோஸ்' உடன் சேர்த்துக்கொள்ள 2017 வரை ஆயிற்று. சிலி, பெரு நாட்டுப் பேச்சில் 'லோ'வை இரண்டு இடத்திலும் வைத்து 'லோ வோய் ஆ வேர்லோ' என்று சொல்வதும் உண்டு. அங்கெல்லாம் நான் வேலை பார்த்ததில்லை. எந்த ஊரில், எந்தத் தட்டு மக்களிடம் அது எப்படி ஒலிக்கும் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இவற்றில் எதுவும் உங்கள் தேர்வுத்தாளில் வராது. ஆனால் காதில் விழுந்தால், அவர்கள் தப்பாகப் பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக உங்கள் மின்னஞ்சல். வாடிக்கையாளரை மரியாதையாக 'உஸ்தேத்' என்றே அழைப்பீர்கள். அவருக்கு வரும் சாய்சொல் 'லே'; 'லோ'வுக்கு முன்னால் வருவதால் அது 'ஸே' ஆகும். அனுப்புகிறேன், 'என்வியோ', முற்று. ஆகவே இரண்டும் முன்னால். எதிர்காலத்துக்கு நாம் 'நாளை அனுப்புகிறேன்' என்று நிகழ்காலம் போடுவது போலவே அவர்களும் போடுவார்கள், தனி எதிர்கால வடிவம் தேட வேண்டாம். அனுப்பப்போவது விலைப்பட்டியல் மாதிரி பெண்பால் சொல் என்றால் 'லோ' இடத்தில் 'லா' வரும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அஞ்சல் ஒரே ஆளுக்குப் போகாமல் நான்கைந்து பேருக்குப் போகிறது என்றால் மெக்சிகோவில் பேச்சில் 'ஸே லோஸ் என்வியோ' என்று பன்மையை 'லோ'வின் தலையில் ஏற்றிவிடுவார்கள். அனுப்புவது ஒன்றாக இருந்தாலும் அப்படித்தான். எழுத்தில் 'ஸே லோ என்வியோ ஆ உஸ்தேதேஸ்' பாதுகாப்பானது. உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்தான், ஆகவே இது போதும்: 'மாஞானா ஸே லோ என்வியோ'. மாஞானா, நாளை, ஸே, உங்களுக்கு, லோ, அதை, என்வியோ, அனுப்புகிறேன்.